தடம் தேடும் விரல்கள்

பிரான்சின் தென்மேற்கில், டோர்டோன் பகுதியில், ரூஃபின்யாக் என்றொரு குகை இருக்கிறது. மலைக்குள் கிலோமீட்டர் கணக்கில் கிளை பிரிந்து ஓடும் அந்தக் குகைக்குள் பார்வையாளர்களைச் சிறிய மின்சார ரயிலில் ஏற்றிச் செல்கிறார்கள். எல்லோரும் பார்க்கப் போவது மாமூத் யானைகளை. சுவரிலும் கூரையிலுமாக நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மாமூத்கள் அங்கே வரையப்பட்டும் செதுக்கப்பட்டும் இருக்கின்றன. ஆனால் இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது யானை அல்ல. அதே குகையில், பாறைமீது படிந்திருக்கும் மெத்தென்ற பரப்பில், விரல்களை அழுத்தி இழுத்த கோடுகள் இருக்கின்றன. மூன்று நான்கு கோடுகள் இணையாகப் போகின்றன, வளைகின்றன, ஒன்றையொன்று வெட்டுகின்றன. பெரும்பாலானவற்றில் எந்த உருவமும் இல்லை.

ஆய்வாளர்கள் கெவின் ஷார்ப்பும் லெஸ்லி வான் கெல்டரும் அந்தக் கோடுகளை அளந்தார்கள். நடுவில் உள்ள மூன்று விரல்களையும் சேர்த்து இழுத்தால் விழும் தடத்தின் அகலத்தை, இன்று வாழும் மனிதர்களின் கை அளவுகளோடு ஒப்பிட்டார்கள். சில தடங்கள் எந்தப் பெரியவரின் கைக்கும் பொருந்தாத அளவுக்கு ஒடுக்கமானவை. மூன்று வயதுப் பிள்ளைகளின் விரல்கள்கூட அங்கே பதிந்திருக்கின்றன என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். குழந்தைகளிலேயே அதிகக் கோடுகளை இழுத்தது ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியாக இருக்கலாம் என்றும் கணித்தார்கள். இது நடந்து ஏறத்தாழ 13,000 ஆண்டுகள் ஆகின்றன.

அந்தக் கோடுகளில் சில, குழந்தையின் கைக்கு எட்டவே எட்டாத உயரத்தில், கூரையில் இருக்கின்றன. அப்படியானால் யாரோ ஒரு பெரியவர் பிள்ளையைத் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். குழந்தை கோடு போடத் தேவையானவை இரண்டும் அந்தக் கூரையில் சேர்ந்திருக்கின்றன: தொட்டால் தடம் ஏற்கும் ஒரு பொருள், அதை எட்டவைக்கும் ஒரு பெரியவர். முதலாவதைப் பற்றியும் இரண்டாவதைப் பற்றியும் உளவியலும் கல்வியியலும் கடந்த நூறாண்டுகளில் நிறையவே கண்டறிந்திருக்கின்றன.

எழுதாத பேனா

ஒன்றரை வயதுக் குழந்தையின் கையில் பேனா சிக்கினால் காலண்டர், பாஸ்புக், புதிதாகச் சுண்ணாம்படித்த சுவர் எதுவும் தப்பாது. கை துறுதுறுவென்று இருக்கிறது, ஆட்டுவதில் ஒரு சுகம், கோடு விழுவது தற்செயல் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் காட்சிப் புலனைப் பற்றி ஆராய்ந்துவந்த ஜே. ஜே. கிப்சனுக்கு இதில் சந்தேகம் இருந்தது. 1960களின் பிற்பகுதியில் அவரும் பட்ரீசியா யோனாசும் செய்த சோதனை மிக எளிமையானது.

பதினைந்து மாதம் முதல் மூன்று வயதைச் சற்றே தாண்டியவர்கள்வரை உள்ள குழந்தைகளுக்கு எழுதும் கருவி ஒன்று தரப்பட்டது. இன்னொரு முறை, பிடிக்கவும் அசைக்கவும் அதே மாதிரியான, ஆனால் தாளில் எந்தத் தடமும் விடாத கருவி தரப்பட்டது. கை அசைவுதான் இன்பம் என்றால் இரண்டாலும் ஒரே அளவு கிறுக்கியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. தடம் விடாத கருவியைப் பிள்ளைகள் சீக்கிரமே கைவிட்டுவிட்டார்கள். எழுதும் கருவியிடம் திரும்பத் திரும்பப் போனார்கள்.

கோட்டின் மீது அவ்வளவு ஈர்ப்பு ஏன்? கை அசைந்த மறுகணமே அசைவு மறைந்துபோகிறது. கோடு மட்டும் நின்றுவிடுகிறது. ‘நான் செய்தது இது’ என்று குழந்தை திரும்பிப் பார்க்கக்கூடிய முதல் சான்றுகளில் ஒன்று அது. கிலுகிலுப்பை ஆட்டினால் சத்தம் வரும், நின்றால் போய்விடும். தாளில் விழுந்த கோடு குழந்தை தூங்கி எழுந்த பிறகும் அங்கேயே இருக்கும்.

கையில் பேனா இல்லாதபோதும் இந்தத் தேடல் நடக்கிறது. இங்கிலாந்தின் கலைக் கல்வி ஆய்வாளர் ஜான் மேத்யூஸ், தம் பிள்ளைகள் பிறந்ததிலிருந்தே அவர்களின் அசைவுகளையும் கோடுகளையும் பதிவுசெய்து வந்தார். அவருடைய இளைய மகன் பதின்மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது தரையில் பால் சிந்தியது. வழவழப்பான தரையில் வெள்ளையாகப் பரவிய அந்த வடிவத்தைப் பிள்ளை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். பிறகு உள்ளங்கையை அதில் வைத்துப் பக்கவாட்டில் வளைத்துத் தேய்க்கத் தொடங்கினான். இன்னொரு கையும் சேர்ந்துகொண்டது. நம் வீடுகளில் சிந்திய சாம்பாரிலும் ரசத்திலும் இதே ஆராய்ச்சி தினமும் நடக்கிறது. துடைக்கும் துணி கொஞ்சம் முன்னதாக வந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

தோளிலிருந்து விரல்வரை

பிள்ளைகளின் முதல் அசைவுகளில் மேத்யூஸ் மூன்றைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். மேலிருந்து கீழே அறைவது போன்ற வீச்சு. இடமும் வலமுமாக வளையும் வீச்சு. முன்னே தள்ளிப் பின்னே இழுப்பது. புள்ளிக் குவியல், வில் போன்ற வளைவு, நெருக்கமான நேர்கோட்டுக் கற்றை என்று இவை ஒவ்வொன்றும் தாளில் ஒவ்வொரு வகைத் தடத்தை விடுகின்றன.

வளைவு ஏன் வளைவாகவே விழுகிறது என்பதற்கு உடலில் பதில் இருக்கிறது. இந்த வயதில் கோடு போடுவது விரல் அல்ல, முழுக்கை. தோளோ முழங்கையோ நிலையாக இருக்க, கீலில் திரும்பும் கதவைப் போலக் கை அதைச் சுற்றித் திரும்புகிறது; நுனியில் உள்ள சாக்பீஸ் வட்டத்தின் ஒரு பகுதியை வரைந்துவிடுகிறது. நேர்கோடு போட வேண்டுமானால் தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒன்றை ஒன்று ஈடுகட்ட வேண்டும். அது பிறகு வருகிறது.

மணிக்கட்டின் கதை இன்னும் சுவையானது. அதிலுள்ள எட்டு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. முதல் ஆண்டில் இரண்டு மட்டும் எலும்பாக இறுகத் தொடங்குகின்றன. மற்றவை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகத் தொடரும். பட்டாணி போன்ற கடைசி எலும்பு இறுகத் தொடங்குவதற்குள் பிள்ளை நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு வந்திருக்கும். பிடியும் இப்படித்தான் படிப்படியாக மாறுகிறது. முதலில் உலக்கையைப் பிடிப்பதுபோல் முழு முஷ்டி. பிறகு விரல்கள் கீழ்நோக்கித் திரும்பிய பிடி. பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் சேர்ந்து பென்சிலை நுணுக்கமாக அசைக்கும் பிடி பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கிலிருந்து ஆறு வயதுக்குள்தான் அமைகிறது.

எனவே இரண்டு வயதுக் குழந்தைக்குச் சின்ன நோட்டும் கூரிய பென்சிலும் கொடுப்பது அதன் தோளைக் கட்டிப்போடுவதற்குச் சமம். அதற்கு வேண்டியது பெரிய பரப்பு: தரையில் விரித்த தாள், சிமெண்ட் முற்றம், கைக்கு எட்டும் கரும்பலகை. தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் பிள்ளைகளின் உயரத்துக்கே கரும்பலகை அமைத்தது. ஆசிரியரின் கண்மட்டத்தில் இருந்த பலகை பிள்ளையின் மார்பளவுக்கு இறங்கியது சின்ன மாற்றம் போலத் தோன்றலாம். ஆனால் அந்தப் பலகையில் அசைவது முழுக்கை.

பத்து லட்சம் தாள்கள்

கிறுக்கல் என்று கசக்கி எறிவதை எடுத்து வைத்தவர் ரோடா கெல்லாக். சான்பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளிகளை நடத்திவந்த இந்த அம்மையார், பிள்ளைகள் வரைந்த தாள்களைப் பல பத்தாண்டுகளாகச் சேர்த்தார். பத்து லட்சம் அளவுக்குப் பெருகிய அந்தச் சேகரிப்பிலிருந்து 1969இல் குழந்தை ஓவியத்தைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார்.

அடிப்படைக் கிறுக்கல்கள் இருபது என்று அவர் வகைப்படுத்தினார். புள்ளி, ஒற்றைக் குத்துக்கோடு, படுக்கைக்கோடு, சாய்வுக்கோடு, வளைகோடு, முன்னும் பின்னும் போய்வரும் கோடு, வளையம், சுருள், ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிய வட்டம் என்று பட்டியல் போகிறது. தாளின் எந்தப் பகுதியில் போடுகிறார்கள் என்பதையும் பதினேழு வகையாகப் பிரித்தார். இரண்டு வயதுப் பிள்ளைகூடத் தாளின் ஓரத்தைக் கவனித்து, நடுவிலோ ஒரு பாதியிலோ ஒரு மூலையிலோ தன் கோட்டை அமைக்கிறது என்பது அவர் கண்டது. கிறுக்கலிலிருந்து எளிய வடிவங்கள், வடிவங்களின் சேர்க்கை, வட்டத்துக்குள் சிலுவை போன்ற மண்டலங்கள், கதிர்கள் கிளம்பும் சூரியன், கடைசியில் மனித உருவம் என ஒரு படிக்கட்டையும் கட்டினார். உலகக் குழந்தைகள் எல்லோரும் அதில்தான் ஏறுகிறார்கள் என்பது அவர் நம்பிக்கை.

படிக்கட்டை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. மண்டலமோ சூரியனோ வரையாமலே நேராக மனிதனை வரையும் பிள்ளைகள் ஏராளம் என்று உளவியலாளர் கிளேர் கோலோம்ப் காட்டினார். வெறுமனே கிறுக்கிக்கொண்டிருந்த பிள்ளையிடம் ‘தலை போடு, கண் போடு’ என்று ஒவ்வொன்றாகச் சொன்னபோது, தானாக வரையாத உருவம் வந்தது. மானிடவியலாளர் அலெக்சாண்டர் ஆலண்ட் பாலி, தைவான், ஜப்பான், பொனாப்பே, பிரான்ஸ், அமெரிக்கா ஆகிய ஆறு இடங்களில் குழந்தைகள் வரைவதைப் பதிவுசெய்தார். 1983இல் வெளியான அவருடைய நூலின்படி, மிக இளம் வயதிலேயே ஊருக்கு ஊர் பாணி வேறுபடுகிறது. எல்லோருக்கும் பொதுவான ஒரே பாதை இல்லை.

கெல்லாக்கின் படிக்கட்டு ஆட்டம் கண்டாலும் அவர் எழுப்பிய கேள்வி நின்றுவிட்டது. அதுவரை கிறுக்கலை ஓவியத்துக்கு முந்தைய குப்பையாகப் பார்த்தவர்கள், அதற்குள்ளும் தேர்வும் ஒழுங்கும் இருக்கின்றனவா என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

மெழுகும் கரியும் மாவும்

தடம் விழுவது இரண்டு பொருட்கள் உரசும்போது. எந்தப் பொருள் எந்தப் பொருளில் எவ்வளவு தேய்கிறது என்பதைப் பொறுத்தே குழந்தைக்குக் கிடைக்கும் அனுபவம் மாறுகிறது.

பென்சிலின் உள்ளே இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்து சுட்ட குச்சி. களிமண் கூடினால் குச்சி கடினமாகும், கோடு வெளிறும். அழுத்தத்தை அளந்து கொடுக்கத் தெரியாத முஷ்டிப் பிடிக்கு இது இரண்டு விதமாகத்தான் பதில் சொல்கிறது: மெல்லத் தொட்டால் கண்ணுக்குத் தெரியாது, அழுத்தினால் முனை முறியும். கரித்துண்டு நேர் எதிர். அதன் துகள்கள் தாளின் நாரில் லேசாக ஒட்டிக்கொண்டு நிற்பதால், தொட்டாலே கறுக்கும். விரலால் தேய்த்தால் கோடு புகைபோல் பரவும். குழந்தை அதில் கோட்டை மட்டும் அல்ல, நிழலையும் கண்டுபிடித்துவிடுகிறது. சாக்பீஸ் உலர்ந்த தரையில் ஒரு மாதிரி, நனைந்த தரையில் வேறு மாதிரி.

மெழுகு கிரேயான் பிறந்தது விளையாட்டுக்காக அல்ல. அமெரிக்காவின் பின்னி அண்ட் ஸ்மித் நிறுவனம் முதலில் பெட்டிகளிலும் பீப்பாய்களிலும் அடையாளம் போடும் கருப்பு மெழுகுக் குச்சியைச் செய்துவந்தது. 1903இல் அதே மெழுகில் நிறமிகளைச் சேர்த்து, எட்டு வண்ணங்கள் கொண்ட க்ரேயோலா பெட்டியை ஐந்து சென்ட்டுக்கு விற்றது. பாரஃபின் மெழுகு மென்மையானது. எவ்வளவு அழுத்தினோம் என்பதை நிறத்தின் அடர்த்தியே காட்டிவிடும்.

பிளே-டோ மாவின் கதை இன்னும் வேடிக்கை. அடுப்புக் கரி படிந்த சுவர்த்தாளைத் துடைக்க சின்சினாட்டி நகரில் ஒரு நிறுவனம் பிசைமாவு விற்றுவந்தது. நிலக்கரி அடுப்புகள் போய் எரிவாயு வந்தது, கழுவக்கூடிய வினைல் சுவர்த்தாளும் வந்தது. மாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. நிறுவனத்தை நடத்தியவரின் உறவினரான கே ஸூஃபால் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை. அந்த மாவைத் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர்கள் உருட்டினார்கள், குத்தினார்கள், விரல் பதித்தார்கள். துடைக்கும் சரக்கை எடுத்துவிட்டு வண்ணம் சேர்த்து, 1956இல் அது பொம்மைக் கடைக்குப் போனது.

இந்தப் பொருட்களுக்குப் பொதுவான குணம் ஒன்று உண்டு. ‘இப்படித்தான் முடிய வேண்டும்’ என்று எதுவும் அவற்றில் எழுதப்பட்டிருக்கவில்லை. பொம்மைக் கார் எப்போதும் கார்தான். களிமண் உருண்டை காராகலாம், இட்லியாகலாம், எதுவுமாகாமல் விரல் குழிகளோடு நின்றுவிடவும் செய்யலாம். சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் 1971இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு சூழலில் மாற்றவும் நகர்த்தவும் கூடிய உதிரிப் பொருட்கள் எவ்வளவு இருக்கின்றனவோ அவ்வளவுக்குப் புனைவுக்கும் கண்டுபிடிப்புக்கும் இடம் இருக்கும் என்று வாதிட்டார். விளையாட்டுத் திடல்களை வடிவமைப்பவர்கள் அந்தக் கட்டுரையை இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அதே மணல், வேறு வேலை

ஆனால் பொருள் மட்டும் போதுமா? சென்னை எழும்பூரில் 1789 முதல், ராணுவத்தினரின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் நடத்திவந்தார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுத்துப் பழகுவதை அவர் பார்த்தார். தாளும் மையும் இல்லாமல், செலவே இல்லாமல், எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து எழுதும் அந்த முறையைத் தம் இல்லத்தில் கொண்டுவந்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலாக எழுதினார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு அது பிரிட்டன் எங்கும் பரவியது. ஆங்கிலேயப் பிள்ளைகளும் மணல் தட்டில் எழுதிப் பழகினார்கள்.

மணலைப் போல இளகிய பொருள் வேறு இல்லை. ஆயினும் பெல்லின் வகுப்பில் அந்த மணலில் விழ வேண்டிய தடம் ஒன்றுதான்: சட்டாம்பிள்ளை சொன்ன எழுத்து. பள்ளி விட்டதும் அதே பிள்ளை அதே மணலில் குச்சியால் என்ன வேண்டுமானாலும் இழுக்கலாம். திறந்திருப்பதும் மூடியிருப்பதும் பொருளில் மட்டும் இல்லை. அதோடு சேர்த்துக் கொடுக்கும் கட்டளையிலும் இருக்கிறது.

ரஷ்யாவின் நோவ்கோரோத் நகரில் 1956இல் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த பிர்ச் மரப்பட்டைகள் இதற்குச் சுவையான சாட்சி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஓன்ஃபிம் என்ற சிறுவன் அவற்றில் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறான். வயது ஆறு ஏழு இருக்கலாம். ஒரு பட்டையில் அகரவரிசையைத் தொடங்குகிறான். பதினோரு எழுத்துக்கு மேல் பொறுமை இல்லை. மிச்ச இடத்தில் ஒரு குதிரை வீரன், கீழே விழுந்த எதிரியை ஈட்டியால் குத்துகிறான். வீரனுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் பெயர் ஓன்ஃபிம்.

எழுத்தறிவுக்கும் தன்னிச்சையான கோட்டுக்கும் உள்ள உறவை மூளைக்குள் பார்த்தவர் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரின் ஜேம்ஸ். அவரும் லாரா எங்கல்ஹார்ட்டும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள் சில எழுத்துகளைத் தாங்களாகவே எழுதினார்கள், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் பின்பற்றி வரைந்தார்கள், சிலவற்றை விசைப்பலகையில் தட்டினார்கள். பிறகு அந்த எழுத்துகளைப் பார்த்தபோது மூளையில் நடந்ததை எஃப்.எம்.ஆர்.ஐ. கருவி பதிவுசெய்தது. வாசிக்கத் தெரிந்தவர்களிடம் இயங்கும் மூளைப் பகுதிகள், தானாக எழுதிய எழுத்துக்குக் கிளர்ந்தது போல மற்ற இரண்டுக்கும் கிளரவில்லை. பங்கேற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை பதினைந்துதான் என்பதால் இதைக் கடைசித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. ஜேம்ஸ் தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது: தானாக எழுதும் கை கோணலும் மாணலுமாக, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி எழுதுகிறது. ஒரே எழுத்து இத்தனை வடிவங்களில் வரலாம் என்று மூளை கற்பது அந்தக் கோணலிலிருந்துதான்.

வண்ணம் தீட்டும் புத்தகங்களைப் பற்றிய சர்ச்சையும் இங்கே சேரும். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய விக்டர் லோவன்ஃபெல்ட், கலைக் கல்வியைப் பற்றிய தம் 1947ஆம் ஆண்டு நூலின் வழியாக அவற்றுக்கு எதிரான அணிக்குத் தலைவரானார். அச்சிட்ட நாயைப் பார்த்த பிள்ளை, தன் நாயை வரையும் தைரியத்தை இழக்கிறது என்பது அவர் வாதம். அதற்கு அவர் காட்டிய சான்றுகள் போதாதவை என்று பின்வந்தவர்கள் விமர்சித்தார்கள். கோட்டுக்குள் வண்ணம் அடிப்பதால் கெடுதல் என்று சொல்வதைவிட, அது வேறு வகையான வேலை என்று சொல்வதே நியாயம். அதில் கை பழகும். தடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை மட்டும் அச்சகத்தில் முடிந்துவிட்டிருக்கும்.

டாங்கியை விற்றுக் கட்டிய பள்ளி

வடக்கு இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகரை ஒட்டிய வில்லா செல்லா என்ற ஊரில், இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 வசந்தத்தில், ஊர்மக்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டத் தொடங்கினார்கள். முதலீடு, பின்வாங்கிய ஜெர்மானியர்கள் விட்டுச்சென்ற ஒரு டாங்கி, சில லாரிகள், குதிரைகள். விற்ற பணத்தில் வேலை ஆரம்பமானது. செங்கலை இடிந்த வீடுகளிலிருந்து பொறுக்கினார்கள். செய்தி கேட்டு சைக்கிளில் போய்ப் பார்த்த இளம் ஆசிரியர் லோரிஸ் மலகுட்ஸி, வாழ்நாள் முழுவதும் அந்த முயற்சியிலேயே இருந்துவிட்டார்.

1963இல் ரெஜியோ எமிலியா நகராட்சி தன் முதல் மழலையர் பள்ளியைத் திறந்தது. இந்தப் பள்ளிகளில் மலகுட்ஸி கொண்டுவந்த புதுமை, ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு கலைக்கூடம், அதில் கலை பயின்ற ஒருவர். கலைக்கூடம் என்பது வாரம் ஒரு மணி நேர ‘டிராயிங் பீரியட்’ அல்ல. பிள்ளைகள் எதையாவது விசாரித்துக்கொண்டிருக்கும்போது அந்த விசாரணை நடக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. மரத்தைப் பற்றி யோசிக்கும் பிள்ளை அதைக் கரியால் வரைகிறது, களிமண்ணில் செய்கிறது, கம்பியை வளைத்துப் பார்க்கிறது. கரியில் நிழல் வந்துவிடும், தடிமன் வராது. களிமண்ணில் தண்டு வரும், மெல்லிய கிளை ஒடிந்து விழும். கம்பியில் கிளை வரும், இலைக்கு என்ன செய்வது? ஒரு பொருள் மறுப்பதை இன்னொன்று கொடுக்கிறது. மரத்தைப் பற்றிய பிள்ளையின் அறிவு அந்த இடைவெளிகளில் வளர்கிறது.

அங்குள்ள டயானா பள்ளியை 1991இல் நியூஸ்வீக் இதழ் உலகின் சிறந்த பள்ளிகளின் வரிசையில் வைத்தது. அதன் பிறகு உலகெங்கிலுமிருந்து ஆசிரியர்கள் போய்ப் பார்க்கிறார்கள். 1996இல் அந்த நகரம் ‘ரெமீதா’ என்ற மையத்தைத் தொடங்கியது. தொழிற்சாலைகளும் கடைகளும் கழித்துப்போடும் தாள், தோல், துணி, ரப்பர், உலோகச் சீவல்கள் அங்கே வந்து சேர்கின்றன; பள்ளிகள் அள்ளிக்கொண்டு போகின்றன.

நட்சத்திரம் வாங்கிய பிள்ளைகள்

இனி பெரியவர் பக்கம். 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் செய்த சோதனை, உளவியல் பாடநூல்களில் நிலைத்த இடம் பெற்றுவிட்டது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட, மூன்று முதல் ஐந்து வயதுவரையிலான 51 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை.

ஓரிரு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் வைத்துவிட்டு, யார் தானாகப் போய் எடுக்கிறார்கள் என்று ஒளிந்திருந்து பார்த்தார்கள். பரிசு கிடைக்காதவர்கள் தங்கள் விளையாட்டு நேரத்தில் 16.7 சதவீதத்தை வரைவதில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்கள் 18.1 சதவீதம். பரிசுக்காக வரைந்தவர்கள் வெறும் 8.6 சதவீதம். அவர்கள் அன்று வரைந்த படங்களின் தரமும் மற்றவர்களுடையதைவிடக் குறைவு என்று மதிப்பிட்டவர்கள் சொன்னார்கள். விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது.

பரிசைவிட அதிகமாக நடப்பது விசாரணை. தாளை நீட்டியதும் ‘இது என்ன?’ என்கிறோம். சொல்ல வேண்டிய கட்டாயத்தில் பிள்ளை ‘பூனை’ என்கிறது. அடுத்த நிமிடம் அதையே ‘பஸ்’ என்கிறது. கோட்டைப் போட்ட பிறகு அதில் எதையோ தற்செயலாகக் கண்டு பெயர் வைக்கும் இந்தக் கட்டத்தை, பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ்-ஆன்ரி லுகே தம் 1927ஆம் ஆண்டு நூலில் விவரித்திருக்கிறார். ஆனால் பெயர் வைப்பதெல்லாம் வெறும் சமாளிப்பு அல்ல. எஸ்தர் ஆதி-யாஃபாவும் இஸ்ரேலைச் சேர்ந்த அவருடைய சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வின்படி, இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகள் தாங்கள் அப்போதுதான் போட்ட கிறுக்கலில் வழுவழுவென்று ஓடும் வளைவுகளுக்குப் பெயர் சொல்வதைவிட, கை சட்டென்று திரும்பி ஒடிந்த கோடுகளுக்கே அதிகம் பெயர் சொன்னார்கள். கை வேகம் குறைந்து திசை மாறிய இடத்தில் கவனம் விழித்திருக்கிறது. பொருளும் அங்கேதான் ஒட்டுகிறது.

நோக்கத்தைப் பிள்ளைகள் எவ்வளவு கறாராகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதை அதே 1998இல் பால் புளூமும் லோரி மார்க்சனும் காட்டினார்கள். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளை பலூனையும் லாலிபாப்பையும் வரையச் சொன்னார்கள். இரண்டும் ஒரு வட்டம், கீழே ஒரு கோடு. யார் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. பின்னர் காட்டிக் கேட்டபோது, எதை எதற்காக வரைந்தோமோ அந்தப் பெயரையே பிள்ளைகள் சொன்னார்கள். படம் எப்படி இருக்கிறது என்பதைவிட, என்ன நினைத்து வரைந்தோம் என்பது அவர்களுக்குப் பெரிது.

வீட்டுத் திண்ணையில்

இதையெல்லாம் செய்ய ஆர்ட் கிட் வாங்க வேண்டியதில்லை. முஷ்டிப் பிடிக்கு ஏற்ற தடிமனான சாக்பீஸ், கரித்துண்டு, உடைந்த செங்கல், ஈரக் களிமண், செம்மண் குழம்பு, தட்டில் பரப்பிய மணல் அல்லது கோலமாவு போதும். வெயில் நேரத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் பழைய பெயிண்ட் பிரஷ்ஷும் கொடுத்தால் சிமெண்ட் தரை முழுக்க வரையலாம். வரைந்தது கண்ணெதிரிலேயே ஆவியாகிப் போவதையும் பிள்ளை பார்க்கும். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயதில் அரிசி மாவுக் கூழில் மஞ்சளோ பீட்ரூட் சாறோ கலந்த விரல் வண்ணம் பாதுகாப்பானது. தொண்டையில் சிக்கக்கூடிய சிறு துண்டுகளை மூன்று வயதுவரை தவிர்ப்பது நல்லது. ஒரே நாளில் பத்துப் பொருட்களைக் கொட்டுவதைவிட, ஒன்றை ஒரு வாரம் விட்டுவைத்தால் பிள்ளை அதன் குணத்தை முழுவதும் ஆராய்ந்துவிடும்.

பேச்சும் பொருளைப் போலவே எளிமையாக இருக்கலாம். ‘சூப்பர்’, ‘இது என்ன?’ என்ற இரண்டுக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. ‘இங்க ரொம்ப அழுத்தித் தேய்ச்சிருக்கியே, சாக்பீஸ் தூளாயிடுச்சு பாரு’ என்றால் கண்டதைச் சொன்னதாகும். பிள்ளை விரும்பினால் மிச்சத்தைச் சொல்லும். தாளின் பின்பக்கம் தேதி எழுதி வைத்தால் ஆறு மாதத்தில் கெல்லாக்கின் சேகரிப்பைப் போல ஒரு சிறு பதிவு வீட்டிலேயே சேர்ந்துவிடும்.

அப்படிச் சேர்த்தவர்கள், பெரும்பாலும் மூன்று வயதை ஒட்டி ஒரு தாளில் புதிதாக ஒன்றைக் காண்பார்கள். சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த கோடு, தொடங்கிய இடத்தைக் குறிவைத்துத் திரும்பி வந்து மூடிக்கொள்ளும். வட்டத்துக்கு உள்ளே வேறு, வெளியே வேறு என்றாகிவிடும். சில வாரங்களிலோ மாதங்களிலோ உள்ளே இரண்டு புள்ளிகள் விழும். கீழே இரண்டு நீளக் கோடுகள் தொங்கும். வட்டமே தலை, தலையிலிருந்தே கால். ‘அம்மா’ என்று பெயர் வைத்து நீட்டப்படும் அந்த உருவத்துக்கு வயிறு எங்கே போனது? பிள்ளைக்கு வயிறு இருப்பது தெரியவில்லையா, தெரிந்தும் வரையவில்லையா, அல்லது அந்த வட்டத்துக்குள்ளேயே வயிறும் அடக்கமா? உளவியலாளர்கள் இதைப் பற்றி நூறாண்டுகளுக்கும் மேலாக வாதாடி வருகிறார்கள். அடுத்த அத்தியாயம் அந்த வாதத்தைப் பற்றியது.